வளர்ந்த பிள்ளையின் படமும் ஞாயிறு பிரசங்கமும்: யாழ்ப்பாணத்துப் பங்குத்தந்தையருக்கும் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய பங்குத்தந்தையர்களே, போதகர்களே, பங்குச் சபை, மூப்பர் சபை உறுப்பினர்களே,

குருநகரிலிருந்து இளவாலை வரை, சுண்டுக்குளியிலிருந்து வட்டுக்கோட்டை வரை உங்களிடம் ஒரே முறைப்பாடு வந்துகொண்டிருக்கிறது. "சுவாமி, மகன் இரவிரவாய்ப் படம் பாக்கிறான், நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ." "பாஸ்டர், மகள் கொரியன் நாடகத்திலையே கிடக்கிறாள், செபிச்சுக்கொள்ளுங்கோ." இந்தப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது இல்லை. இருபது, இருபத்திரண்டு, சிலவேளை இருபத்தேழு. வேலைக்குப் போகிறவர்கள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், விசா வரும்வரை வீட்டில் இருக்கிறவர்கள். இலங்கையில் 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் பதினெட்டு நிரம்பியவர் முழு வயதுக்காரர். இந்த மடல் அவர்களைப் பற்றிய முறைப்பாட்டை நீங்கள் கையாளும் விதத்தைப் பற்றியது. சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறோம்: பல வீடுகளில் படம் செய்த கெடுதியைவிட, அதைத் திருத்தப்போன முறை செய்த கெடுதி அதிகம்.

வழக்கமாக நடப்பது இதுதான். வெள்ளிக்கிழமை உபவாச செபத்திலோ, பூசை முடிந்து குருமனை விறாந்தையிலோ தாய் அழுகிறார். நீங்கள் மனமிரங்கிக் கேட்கிறீர்கள். ஞாயிறு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், "சில வீடுகளில் பிள்ளைகள் செபமாலைக்கு வராமல் போனோடு கிடக்கிறார்கள்" என்று இரண்டு வசனம் விழுகிறது. அறுபது எழுபது குடும்பங்கள் உள்ள பங்கில் பெயர் தேவையில்லை. நீங்கள் அடுத்த வசனத்துக்குப் போவதற்குள் மூன்று வாங்கு சனம் திரும்பிப் பார்த்துவிடும். அதுவரை தாயோடு இருந்த சண்டை அன்றோடு கோயிலோடு என்று ஆகிவிடுகிறது. அடுத்த கிழமை மகன் வரமாட்டான். அதற்கடுத்த கிழமை, "முந்திப் படம் மட்டும்தான் பாத்தவன், இப்ப கோயிலுக்கும் வாறானில்லை" என்று தாய் இரண்டாவது முறைப்பாட்டோடு வருவார். அதற்கும் படம்தான் காரணம் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள்.

செபக் குறிப்புகள் இதைவிட மோசம். பெட்டியில் போட்ட துண்டை அப்படியே வாசிப்பது ஒரு வகை. வட்ஸ்அப் குழுவில் "சகோதரியின் மகன் சினிமா ஆவியிலிருந்து விடுதலை பெற" என்று பெயரோடு போடுவது இன்னொரு வகை. அந்தக் குழுவில் மகனோடு படித்தவனின் தாயும் இருப்பார், கனடாவில் இருக்கும் பெரியம்மாவும் இருப்பார். ஸ்கிரீன்ஷொட் அன்றிரவே மகனின் கைக்கு வந்துவிடும். பதினெட்டைத் தாண்டிய ஒருவரின் பெயரும் குறையும் அவருடைய சம்மதம் இல்லாமல் பொதுச் செபத்தில் வரக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்று வாசித்தால் போதும். ஆண்டவருக்கு விலாசம் தெரியும். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு காட்டும் ஒழுங்கும் இதுதான்: முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு, பிறகு ஒருவரோ இருவரோ, சபை கடைசியில்.

யாராவது முறைப்பாட்டோடு வந்தால் ஆறுதல் சொல்வதற்கு முன் அதைத் தெளிவாக எடுங்கள். "கூடாத படம்" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. படத்தின் பெயர் என்ன, எந்தத் திரையில், எத்தனை மணிக்கு, கூட யார் இருக்கிறார்கள், யாருடைய காசில்? பெற்றோரின் பதில் "ஏதோ சப்பான் காட்டூன், பேயள் வருகுது" என்பதோடு நின்றால், அவர்கள் அறை வாசலில் இருந்து அரை நிமிடம் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். படத்தின் வயதுச் சான்றிதழைச் சொல்பவர்களும் உண்டு. இந்தியத் தணிக்கையில் "ஏ" என்றால் பதினெட்டுக்கு மேற்பட்டவருக்கு. பெற்றோரின் வழிகாட்டலோடு சிறுவர் பார்க்கக்கூடிய "யூஏ" பிரிவு இப்போது 7, 13, 16 என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அந்தக் குறி வயதைப் பற்றி மட்டும்தான் பேசும், விசுவாசத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. "ஏ" படம் என்பதாலேயே இருபத்துநாலு வயதுக்காரருக்குப் பாவம் என்றும் ஆகாது, எல்லா வயதினருக்குமான "யூ" படம் என்பதாலேயே நல்லதென்றும் ஆகாது.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்தபின் பார்த்தால், மூன்றுவிதக் கரைச்சல் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியும். வீட்டு ஒழுங்கு ஒன்று. அது வீட்டை நடத்துபவரின் உரிமை. மனச்சாட்சி மற்றது, அது வளர்ந்த பிள்ளையின் பொறுப்பு. மூன்றாவது உண்மையான கேடு. அதற்கு உங்களோடு வைத்தியரும் வேண்டும். மூன்றையும் "பாவம்" என்ற ஒரே பெயரில் எடுத்தால், பத்து ரூபாய்ச் சண்டைக்கு நரகத்தைக் கூப்பிட வேண்டி வரும்.

வீட்டு ஒழுங்கில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் சண்டைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன. டேட்டாவை எடுங்கள். நெற்பிளிக்ஸ் நிறுவனம் சொல்லும் கணக்கில், ஒரு மணித்தியாலம் பார்க்கச் சாதாரணத் தெளிவில் 1 ஜீபி வரை, எச்.டி.யில் 3 ஜீபி வரை, 4கேயில் 7 ஜீபி வரை போகும். கொரியத் தொடர் ஒன்று பொதுவாக 16 பகுதி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். எச்.டி.யில் முழுத் தொடரையும் பார்த்தால் 48 ஜீபி. மாதம் 60 ஜீபி பக்கேஜ் உள்ள வீட்டில் மூன்றாம் கிழமையே இணைப்பு ஊரத் தொடங்கும். பிரான்சில் இருக்கும் தம்பியின் முகம் பார்த்துத் தகப்பனால் பேச முடியாது. நேரலைப் பூசை நற்செய்தி வாசகத்தில் நின்று சுற்றும். அப்போது வெடிக்கும் சண்டையில் "டேட்டா" என்ற சொல்லே வராது, "உலக ஆசை" என்ற சொல்தான் வரும். இதற்கு உபவாசம் தேவையில்லை. கணக்கின் பிளேபாக் செற்றிங்கை "மீடியம்" ஆக்கினால் மணித்தியாலம் 1 ஜீபிக்குள் அடங்கிவிடும். யூரியூப்பில் 480 என்ற தெளிவு போதும், போன் திரையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. சில பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பின் பாவிக்கவென்று தனி டேட்டா தருவார்கள். பிள்ளை இரவு ஒரு மணிக்கு விழித்திருப்பதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். அப்படியானால் இரவில் தரவிறக்கிவிட்டு மாலையில் பார்க்கலாம். நித்திரையும் மிஞ்சும், காசும் மிஞ்சும்.

அடுத்தது கூடத்து ரீவி. பல வீடுகளில் ஸ்மார்ட் ரீவி தகப்பனின் கூகுள் கணக்கில் ஓடுகிறது. மகன் அதில் இரண்டு பேய்ப்பட முன்னோட்டம் பார்த்தால் போதும், யூரியூப் அதையே பிடித்துக்கொண்டு தகப்பனின் பக்கம் முழுக்கப் பேயாக நிரப்பும். பிறகு அன்பியக் கூட்டத்துக்கு (அயல் குடும்பங்களின் செபக் கூட்டத்துக்கு) வந்தவர்கள் முன்னால் தகப்பன் பக்திப்பாட்டுப் போட ரீவியைத் திறப்பார். மிச்சத்தை நாங்கள் சொல்லத் தேவையில்லை. ரீவியில் மகனுக்கென்று தனிக் கணக்கைச் சேர்த்து, பார்க்கும்போது அதற்கு மாறச் சொல்லுங்கள். ஏற்கெனவே நிரம்பிய பக்கத்தில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்தால் பேய்கள் படிப்படியாகப் போய்விடும், மந்திரிக்க வேண்டியதில்லை. நெற்பிளிக்சில் ஆளுக்கொரு புரொபைல் வைத்து, வளர்ந்தவருடையதை நாலு இலக்க இரகசிய எண்ணால் (PIN) பூட்டலாம். பதினொரு வயதுத் தம்பிக்குச் சிறுவர் புரொபைல் தனியாக. வெளிநாட்டு மாமாவின் கணக்கில் களவாகப் பார்த்துவந்த பலரின் குட்டு, 2023இல் அந்த நிறுவனம் ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்று இறுக்கத் தொடங்கியபோது வெளிப்பட்டது. மாமாவுக்குப் போன "கோட் அனுப்புங்கோ" என்ற செய்தி அப்பாவுக்குத் திரும்பி வந்த வீடுகளும் உண்டு.

செபநேரத்துச் சண்டை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இரண்டு பக்கத்துக்கும் மற்றப் பக்கம் தெரியாது. ஏழு மணிக்குத் தாய் "வா செபமாலைக்கு" என்று கூப்பிடுகிறார். மகன் "ஐஞ்சு நிமிசம்" என்கிறான். இருபது நிமிடமாகியும் வரவில்லை. தாய்க்கு அது அவமரியாதை. ஆனால் இணையத்தில் பலரோடு ஆடும் விளையாட்டை இடையில் நிறுத்திவைக்க முடியாது. பப்ஜி ஆட்டம் ஒன்று நூறு பேரோடு தொடங்கும், கடைசிவரை நின்றால் அரை மணித்தியாலம் ஓடும். நடுவில் விட்டுப்போனால் தன் அணியில் ஆடும் மற்ற மூன்று பேரையும் கைவிட்டதாகும். பார்க்கும் தொடரை எந்த இடத்திலும் நிறுத்தலாம், விளையாட்டை முடியாது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் பல வீடுகளில் ரவுட்டரின் வயர் பிடுங்கப்படுகிறது. "ஆறரைக்குப் பிறகு புது ஆட்டம் தொடங்குவதில்லை, ஏழுக்கு எல்லாரும் கூடத்தில்" என்பதுதான் நிற்கக்கூடிய ஒழுங்கு. அதற்கு ஈடாகத் தாயும் ஏழு மணியை ஏழு மணியாகவே வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு ஆறு நாற்பது, நாளைக்கு ஏழே கால் என்றால் ஒழுங்கு இரண்டு கிழமையில் செத்துவிடும். 53 மணிச் செபமாலை, பிரார்த்தனை, பாட்டு எல்லாம் சேர்ந்து அரை மணித்தியாலம். அதோடு அன்றைய அறிவுரையையும் தொடுத்து ஒரு மணித்தியாலமாக்கும் வீடுகளில் பிள்ளை செபத்துக்கு ஒளிப்பதில்லை, அறிவுரைக்குத்தான் ஒளிக்கிறது.

இவற்றை அரைப் பக்கத்தில் எழுதி குசினிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். கூடத்து ரீவி எந்த நேரம் யாருக்கு, பத்து மணிக்குப் பின் காதில் ஹெட்போன், சின்னப் பிள்ளைகள் முழித்திருக்கும்போது கூடத்தில் என்ன ஓடக்கூடாது, டேட்டாக் காசில் உழைக்கும் பிள்ளையின் பங்கு எவ்வளவு. இவ்வளவும் வரலாம். பிள்ளையின் சொந்தப் போனில், சொந்தக் காசில், கதவடைத்த அறையில் என்ன ஓடுகிறது என்பது அதில் வரக்கூடாது. அதை எழுதினால் யாராவது கண்காணிக்க வேண்டும், கண்காணித்தால் பிள்ளை ஒளிக்கும். சாப்பாட்டை நிறுத்துவது, வீட்டைவிட்டுப் போகச் சொல்வது போன்ற தண்டனைகளும் வேண்டாம். நாலு கிழமை கழித்து எல்லோரும் இருந்து திருத்த வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தாள் பழைய கலண்டர்தான்.

இனி மனச்சாட்சி. கத்தோலிக்கப் பெற்றோர் நாலாம் கட்டளையைச் சொல்லுவார்கள். புரட்டஸ்தாந்துப் பெற்றோர் அதையே ஐந்தாம் கட்டளை என்பார்கள். "என்ரை வீட்டிலை இருக்கிற வரைக்கும் என்ரை சொல்லுத்தான்" என்பது இரண்டு வீட்டிலும் ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2217ஆம் பத்தியில் இதற்கு ஒரு பாதி ஆதரவு இருக்கிறது: பெற்றோரோடு வாழும்வரை, தன் நன்மைக்காகவோ குடும்ப நன்மைக்காகவோ கேட்கப்படுவதற்குப் பிள்ளை கீழ்ப்படிய வேண்டும். அதே பத்தி, பிள்ளை தன் பொறுப்பைத் தானே ஏற்கும் நிலைக்கு வந்ததும் கீழ்ப்படிதல் முடிகிறது, மரியாதை ஒருநாளும் முடிவதில்லை என்றும் சொல்கிறது. நம்முடைய பிரசங்கங்களில் முதல் பாதிதான் கேட்கிறது. உழைத்து வீட்டுக்குக் காசு தரும் இருபத்தாறு வயது மகள் கல்யாணம் ஆகாததால் மட்டும் வீட்டில் இருக்கிறாள் என்றால், இரண்டு பாதியும் அவளுக்கு எப்படிப் பொருந்தும் என்று யோசித்துப் பேசுங்கள்.

சினிமாவையே ஒட்டுமொத்தமாகத் திருச்சபை விலக்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. 1936இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திரைப்படம் பற்றி எழுதிய சுற்றுமடல் கண்டிப்பானதுதான். அதிலும் நல்ல படத்துக்கு இடம் இருந்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடர்புச் சாதனங்கள் பற்றி ஆணைமடல் வெளியிட்டது. 1966இல் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் சட்ட வலுவை இழந்தது. சினிமாவின் நூற்றாண்டான 1995இல் வத்திக்கான் குறிப்பிடத்தக்க படங்கள் என்று 45 படங்களின் பட்டியலைத் தந்தது. அதன் கலைப் பிரிவில் 1922இல் வந்த ஜெர்மானிய இரத்தக்காட்டேரிப் படம் ஒன்றும் இருக்கிறது. ஆகவே "பேய் வருகுது" என்பது மட்டும் தீர்ப்பாகாது. அந்தப் படம் தீமையைக் கொண்டாடுகிறதா, தீமையைத் தீமையாகக் காட்டுகிறதா என்று கேட்பது நல்ல கேள்வி.

புரட்டஸ்தாந்து வீடுகளில் சண்டை, உணவுச் சர்ச்சை பற்றிப் பவுல் எழுதிய ரோமர் 14இல் போய் நிற்கும். "அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்ற பகுதி பிள்ளையின் கையில். சகோதரனுக்கு இடறலானதைச் செய்யாதே என்ற பகுதி தகப்பனின் கையில். பவுல் சொல்லும் இடறல் என்ன என்பதைப் போதகர்கள்தான் விளக்க வேண்டும். ஒருவர் உண்பதைப் பார்த்து மற்றவரும் தன் மனச்சாட்சிக்கு விரோதமாக உண்டு கெட்டுப்போவது அது. மகனைப் பார்த்துத் தகப்பனும் களவாகப் பேய்ப்படம் பார்க்கத் தொடங்கினால் அது இடறல். தகப்பனுக்குப் பிடிக்கவில்லை, ஆத்திரம் வருகிறது என்றால் அது கவலைப்பட வேண்டிய வேறு விஷயம். அதேவேளை அந்த அதிகாரத்தின் தொடக்கம் பிள்ளைக்கும் சுடும்: உண்கிறவன் உண்ணாதவனை அற்பமாக எண்ணக்கூடாது. "அம்மாவுக்கு ஒண்டும் விளங்காது" என்ற சிரிப்பு அந்த வசனத்தில் அகப்படும்.

பெற்றோரின் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள் 1990களின் முற்பாதியை மின்சாரம் இல்லாத குடாநாட்டில் கழித்தவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டவர்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் கண்ட பொழுதுபோக்கெல்லாம் ஊரோடு சேர்ந்தது: கரையோரப் பங்குகளில் கோயில் முற்றத்தில் விடிய விடியத் தென்மோடிக் கூத்து, தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகம், ராஜா தியேட்டரில் குடும்பத்தோடு படம். 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் இந்த மண்ணில் எத்தனை தலைமுறையை மேடையேற்றியது என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கூத்தும் நாடகமும் பகையில்லை. கதவைச் சாத்தி, காதில் மாட்டி, தனியே பார்ப்பதுதான் புதிது. பெற்றோரோடு கொஞ்சம் இருந்து பேசினால், படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட அந்த மூடிய கதவே அவர்களை அதிகம் உறுத்துவது தெரியும்.

அதனால்தான் ஒன்றாக இருந்து ஒரு பகுதி பார்க்கச் சொல்வது பல வீடுகளில் வேலைசெய்கிறது, சரியாகச் செய்தால். எதைப் பார்ப்பது என்று பிள்ளை தெரிவு செய்யட்டும். தனக்கு உண்மையில் பிடித்ததைக் காட்ட வேண்டும், அம்மாவுக்கென்று தேடிய பக்திப் படத்தை அல்ல. கூச்சமான காட்சி வருமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெற்றோர் ஓடும்போது விமர்சனம் சொல்லக்கூடாது, எழும்பிப் போகக்கூடாது. முடிந்தபின் கால் மணித்தியாலம் பேசலாம். கேட்க வேண்டியது "உதிலை உனக்கென்ன பிடிச்சிருக்கு?" என்பது. இது குழம்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: மகளோடு தகப்பன் இருக்கும்போது முத்தக்காட்சி வரும், இருவரும் உறைந்துபோவார்கள், தகப்பன் ரிமோட்டைத் தேடுவார். மகளோடு தாயோ சித்தியோ மாமியோ இருப்பது நல்லது. சப்பான் காட்டூனான அனிமே என்றால் ஒரு பகுதி இருபத்துநாலு நிமிடம்தான், தொடக்கத்துக்கு அது சுகம்.

தவக்காலம் வந்தால் கத்தோலிக்க வீடுகளில் இந்தச் சண்டை இரட்டிப்பாகும். திருச்சபைச் சட்டம் கேட்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தியும் (நோன்பு) சுத்தபோசனமும் (இறைச்சி தவிர்ப்பது), சுத்தபோசனம் பதினாலு வயது நிரம்பியவருக்கு, ஒருசந்தி பதினெட்டு நிரம்பியதிலிருந்து அறுபதாம் வயது தொடங்கும்வரை. படம் பார்க்கக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. நாற்பது நாளும் ரீவியை மூடி வைப்பது அழகான குடும்பத் தவம். தவம் என்றால் அவரவர் எடுப்பது. பெரிய வெள்ளி மூன்று மணிக்குக் கூடத்தில் நகைச்சுவை ஓடக்கூடாது என்பதை எந்தப் பிள்ளையிடமும் கேட்கலாம், அது வீட்டு மரியாதை. மாலை ஏழுக்கு விஷம் வைப்பதும் மருமகளைக் கடத்துவதுமான தொடர்நாடகத்தைத் தவக்காலத்திலும் விடாத பெரியவர்கள், மகளின் கொரிய நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் மெல்லப் பேசுவது நல்லது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் உங்களிடம் நேரடியாகவே கேட்கிறோம். மகன் விடியற்காலை இரண்டு மணிவரை சுட்டு விளையாடினால் "பெடியன்தானே". மகள் தோழிகளோடு இசை நிகழ்ச்சிக்குப் போனால், ரிக்ரொக்கில் அரை நிமிடம் ஆடினால், குருமனைவரை வருகிறது. அங்கே பேசப்படுவது பாவமா, கல்யாணப் பேச்சா? "சனம் என்ன சொல்லும்" என்ற பயம் உண்மையானது. அதைப் பயமென்றே சொல்லட்டும், வேதவசனம் போர்த்த வேண்டாம். பாதுகாப்பைப் பற்றிய கவலை இன்னொன்று, அதற்கு நியாயம் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் யாழ். முற்றவெளி மைதானத்தில் நடந்த இசை நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளைத் தாண்டி எல்லாம் குழம்பியதை ஊரே பார்த்தது. யாரோடு போகிறாய், எந்த வாசலுக்குக் கிட்ட நிற்பாய், திரும்பி வர என்ன வாகனம், போனில் சார்ஜ் இருக்கிறதா, தள்ளுமுள்ளு தொடங்கினால் எங்கே சந்திப்பது? மகனிடமும் மகளிடமும் ஒரே மாதிரிக் கேட்கப்பட்டால் இவை நல்ல கேள்விகள்.

ஒரு படத்தையோ நடனத்தையோ காரணம் காட்டிப் பாடகர் குழுவிலிருந்தும் ஞாயிறு பள்ளி ஆசிரியப் பணியிலிருந்தும் நிறுத்துவதும் நடக்கிறது. சபைக்குத் தன் பணியாளர்களிடம் ஒழுங்கு எதிர்பார்க்க உரிமை உண்டு. அந்த ஒழுங்கைப் பொறுப்புக் கொடுக்கும் நாளில் எழுத்தில் கொடுங்கள். மூப்பருக்கும் ஓர்கன் வாசிப்பவருக்கும் அதே தாளைக் கொடுங்கள். முறைப்பாடு வந்தபின் எழுதிய விதியை அந்த முறைப்பாட்டுக்குப் பாவிக்காதீர்கள்.

பிள்ளையின் போனில் களவாக வேவு பார்க்கும் செயலி போடச் சொல்லி ஆலோசனை கொடுப்பவர்கள் சபைகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. பெற்றோருக்கு என்று அதில் தனி வாசல் இல்லை. நடைமுறையில் பார்த்தால், அது பிடிபடும் நாளில் படத்தைப் பற்றிய பேச்சு முடிந்துபோகும், களவைப் பற்றிய பேச்சு தொடங்கும், பிழை பெற்றோர் பக்கம் போய்விடும்.

உண்மையான கேடு எது? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், வீடியோ விளையாட்டு அடிமைத்தனம் ஒரு நோயாக இருக்கிறது. பார்க்க வேண்டியவை: கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாவது, வேலை, படிப்பு, உறவு கெட்ட பிறகும் தொடர்வது, அதுவும் சாதாரணமாக ஒரு வருடமளவு. ஒரு விடுமுறையில் நாலு தொடர் பார்ப்பது இதில் வராது. இணையச் சூதாட்டம், உடனடிக் கடன் செயலிகள், அறையைவிட்டு வராமல் குளிப்பு முழுக்கில்லாமல் கிடப்பது, "இருந்தென்ன" என்ற பேச்சு, இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச்சேவை கிடைக்கும். இப்படியானவரைச் சபை நடுவில் நிறுத்திப் பிசாசு ஓட்டுவது பெருங்கேடு. பிள்ளை தானாக விரும்பிக் கேட்டால் செபியுங்கள், வைத்தியரிடமும் அனுப்புங்கள்.

வளர்ந்த பிள்ளைகள் உங்களிடம் வந்தால் அவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. "படிக்கிறன்" என்று சொல்லிப் படம் பார்க்க வேண்டாம். படத்தைப் பற்றிய கோபம் ஒரு கிழமையில் ஆறும், பொய்யைப் பற்றிய கோபம் வருடக்கணக்கில் நிற்கும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் பெற்றோருக்கு வசனம் அனுப்பி வாதாட வேண்டாம். அப்பம்மா செபிக்கும் அறைக்குப் பக்கத்தில் துவக்குச் சத்தம் வேண்டாம். தகப்பனின் வங்கி அட்டையில் அவருக்குத் தெரியாமல் விளையாட்டுக்குள் பாவிக்கும் "வைரம்" வாங்கினால் அது களவு, மனச்சாட்சிச் சுதந்திரத்தில் அது சேராது.

பெற்றோரையும் பிள்ளையையும் முதல்முறையே ஒன்றாக இருத்தாதீர்கள். தனித்தனியே கேட்டு, பிறகு சேர்த்து இருத்துங்கள். பிள்ளையைச் சந்திக்கும்போது குருமனை அறையைவிட வெளியில் ஒரு தேத்தண்ணியோடு பேசுவது நல்லது. தாய் அனுப்பித்தான் வந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

கடைசியாக, இந்த மடலைப் பூசையிலோ ஆராதனையிலோ வாசிக்க வேண்டாம். வாசித்தால் இது யாருடைய வீட்டைப் பற்றியது என்று சனம் தேடத் தொடங்கிவிடும். பங்குச் சபை, மூப்பர் சபைக் கூட்டத்தில் எடுத்து, செபக் குறிப்பு விதியை மட்டுமாவது இந்த வருடம் நிறைவேற்றுங்கள். உடன்பாடில்லாத பகுதிகள் இருந்தால் அவற்றை எழுதி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து சபைகளில் குடும்பங்களோடும் இளையோரோடும் வேலைசெய்யும் பொதுநிலையினர் சிலர்